வீட்டில் தனியே விட்ட நாய்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாயைப் பற்றியது. பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நாய்க்கு ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் புதிதாக வந்த ஒரு நாயால் அக்கம்பக்கத்தோடு மனத்தாங்கல் வந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆசையாகக் கொண்டுவந்த நாயை ஒரே மாதத்தில் எங்காவது விட்டுவிட்டு வந்த வீடுகளையும் பார்த்திருக்கிறோம். அந்த இரண்டாவது காரியம் நம் வீட்டிலும் நடக்க இருந்தது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாய் புதிதல்ல. லயத்து வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது கூடவே வரும். அப்பா ஒரு நிரையை வெட்டி முடிக்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். பன்றி வந்தாலும் பாம்பு வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அந்த நாய் தனியாக இருந்த நேரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டில் கதவைப் பூட்டி நாயை உள்ளே விட்டுப் போகும் வழக்கம் அப்போது நம்மிடம் கிடையாது.

இன்று நம் குடும்பங்களில் பல தோட்டத்தைவிட்டு வந்துவிட்டன. 1990களில் புத்ராஜெயா நகரத்தைக் கட்ட பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது, லயத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்களின் கதை இதுதான். வீடு மாறியது, வேலை மாறியது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் பள்ளிக்கு. காலை ஆறரைக்குப் பூட்டிய கதவு மதியம் இரண்டு மணிக்குத்தான் திறக்கிறது. அந்த ஏழரை மணி நேரமும் நாய் உள்ளே தனியாக இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது அம்பாங்கில், ஒரு தரை வீட்டில். பள்ளி இருப்பது இன்னும் தோட்டத்தில்தான். அம்பாங் ஜெயாவில், ஜாலான் கெர்ஜா ஆயர் லாமாவில், சிலாங்கூர் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எஸ்.பி.சி.ஏ. என்று சொன்னால் யாரும் வழி காட்டுவார்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின் முதல் வாரம் அங்கே போய், சுமார் இரண்டு வயதுள்ள ஒரு கறுப்பு நாயை அழைத்து வந்தோம். பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்தார்கள். விடுமுறை முழுவதும் வீடு நிறைய ஆட்கள். மணி ஒருவரைவிட்டு ஒருவரிடம் போகும், குளியலறைக் கதவு மூடினால் கதவோரம் படுத்துக்கொள்ளும். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அது பாசம் மட்டுமல்ல என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள். நாங்கள் மதியம் திரும்பியபோது வாசல் கதவின் அடிப்பாகம் பிறாண்டிப் பிய்ந்து கிடந்தது. கூடத்தில் சிறுநீர். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் வேலியோரம் நின்று, "சிக்கு, உங்க நாய் காலையிலேர்ந்து அழுது, நிக்கவே இல்லை" என்றார். மறுபக்கத்து மலாய்க்காரர் இரவு வேலை முடித்துக் காலையில் தூங்குகிறவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எங்களுக்குக் கூடுதல் சங்கடமாக இருந்தது.

அடுத்த நாலு நாள் நாங்கள் செய்ததை வெட்கத்தோடுதான் சொல்கிறோம். கதவைக் காட்டித் திட்டினோம். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தோம். மூன்றாம் நாள் பின்புறத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கழுத்துத் தோல் உரிந்து, கிரில் கம்பியைக் கடித்து ஈறில் இரத்தம். சங்கிலி வேலியில் சுற்றியிருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் உயிர் போயிருக்கும். மிரண்ட நாயைச் சங்கிலியிலோ கூண்டிலோ அடைத்துவிட்டுப் போவது அதன் உயிரோடு விளையாடுவது. இது மட்டும் இன்றைய பேச்சில் உங்கள் நினைவில் நின்றாலும் போதும்.

மிருக வைத்தியர் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, "தனியா விட்டுட்டுப் போகும்போது கைத்தொலைபேசியிலே படம் பிடிச்சுப் பாருங்க" என்றார். பிடித்தோம். நாங்கள் கதவைப் பூட்டிய நாலாவது நிமிடத்திலிருந்து மணி ஓடத் தொடங்கியது. வாசலுக்கும் சன்னலுக்கும் இடையே ஓட்டம், வாயில் எச்சில் ஒழுகுகிறது, பிறகு தலையைத் தூக்கி ஊளை. விஷமம் செய்கிற நாயின் முகம் அல்ல அது. பதறுகிற உயிரின் முகம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை மனவியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் பழக்கமான படம். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் வகுப்பு வாசலில் அதைப் பார்க்கிறோம். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடாத பிள்ளையை அடித்து உள்ளே இழுத்தால் அடுத்த நாள் பள்ளிக்கே வராது. அதற்கும் முன்னால், விடிவதற்குள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட கைக்குழந்தைகள் அழுத அழுகை தோட்டத்துத் தாய்மார்களுக்கு மறந்திருக்காது. பால் கட்டிய மார்போடு நிரையில் நின்றவர்கள் அவர்கள்.

பிள்ளை தாயிடம் வைக்கும் பற்றை அளந்து பார்க்க மேரி எயின்ஸ்வர்த் என்ற அறிஞர் ஒரு சோதனை முறையை அமைத்தார். பழக்கமில்லாத அறையில் தாய் சிறிது நேரம் பிள்ளையைவிட்டுப் போய்த் திரும்பி வருவார், பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். 1998இல் ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதே சோதனையை நாய்களுக்கு வைத்தார்கள். நாயும் தன் எசமானரிடம் ஏறக்குறைய பிள்ளை போலவே நடந்துகொண்டது. 2001இல் காப்பக நாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஓர் ஆள் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை அன்பாகப் பழகியதிலேயே அந்த நாய்கள் அவரைப் பற்றிக்கொண்டன. காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு நாம் எவ்வளவு விரைவில் எல்லாமாகிவிடுகிறோம் என்பது இதிலிருந்து தெரிகிறது. முன்னிருந்த வீட்டை ஒருமுறை இழந்த நாய் அது. நகரத்தில் வேண்டாமென்றானதைக் காரில் கொண்டுவந்து செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போவதையும் நாம் காண்கிறோம். லயத்துப் பிள்ளைகள் அவற்றைத் தூக்கி வளர்க்கிறார்கள். அந்த நாய்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும்.

திட்டும்போது நாய் தலையைக் குனிந்து கண்ணைத் திருப்பிக்கொள்கிறதே, செய்த தப்பு அதற்குத் தெரிந்துதானே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2009இல் அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம் வந்தது. அந்த முகம் வருவது நம் கோபத்தைக் கண்டு. காலை ஏழு மணிக்குப் பதறிச் செய்ததற்கு மதியம் இரண்டு மணிக்கு அடித்தால், மனிதர் திரும்பி வருவதும் பயத்துக்குரியது என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். பிறகு போனாலும் பயம், வந்தாலும் பயம்.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாமா? சின்னவள் சாப்பிடாமல் எழுந்துபோனாள். எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு லாரியில் சாமான் ஏற்றிய நாள். போகிற இடம் அடுக்குமாடி, நாய் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு நாய் செம்மண் பாதையில் லாரியின் பின்னால் ஓடிவந்தது, பெரிய ரோடு வரைக்கும். பின்னால் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள், அது பூட்டிய லயத்து வாசலில் ஒரு வாரம் படுத்திருந்ததாம். அதன் பிறகு கண்ணில் படவில்லையாம். அப்பா அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. மணியைத் திருப்பி விடுவதில்லை என்று முடிவாயிற்று.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதலில், நாம் கிளம்பும் அடையாளங்கள். ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஒலி எழுப்பி, பிறகு அந்த ஒலிக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுவதைக் காட்டியவர். நம் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பூட்ஸ், நெற்றி விளக்கு, மோட்டார் சைக்கிள் சாவி, சாப்பாட்டுக் கூடை. இவற்றைக் கையில் எடுத்ததுமே நாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆகவே போகாத நேரத்தில் அவற்றை எடுங்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு காப்பி குடியுங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கூடத்தைப் பெருக்குங்கள். நாளுக்குப் பத்து முறை, பல நாள். சாவி குலுங்கினாலும் நாய் எழுந்திருக்காமல் படுத்திருக்கும் நாள் வரும். எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பூட்ஸோடு காப்பி குடிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ.

அடுத்தது கதவு. இதுதான் முக்கிய வேலை. கதவைத் திறந்து வெளியே போய், நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வரவேண்டும். முதல் நாள் அது ஐந்து விநாடியாக இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம். பிறகு பத்து, அடுத்து ஏழு, அதற்கடுத்து இருபது. ஒரே ஏறுமுகமாகப் போகாமல் கூட்டியும் குறைத்தும் செய்யுங்கள். கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டே இருங்கள். நாய் உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, வெயிலில்லாமலே இரைக்கிறதா, அவை பயத்தின் முன்னடையாளங்கள். கண்டால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். அழுது அழுது தானே ஓய்ந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. ஓய்வதில்லை, பயம்தான் தடிக்கிறது. போகும்போதும் வரும்போதும் பெரிய ஆர்ப்பாட்டம் வேண்டாம். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள், வந்தால் நாய் அடங்கியதும் தடவிக்கொடுங்கள்.

நாங்கள் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைத்தோம். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நிமிடம். நாலாம் வாரம் பன்னிரண்டு நிமிடம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அம்பாங் மலைப்பக்கம் இடி இடித்துக் கொட்டியது. நாங்கள் குப்பை போட வெளியே போயிருந்தோம். மறுநாள் பன்னிரண்டு நிமிடம் போய் இரண்டு நிமிடமாகிவிட்டது. மனம் விட்டுப்போயிற்று. ஆனால் இரண்டாம் முறை ஏறும்போது அது விரைவாகவே ஏறியது. முக்கால் மணி நேரம் அமைதியாக இருக்கப் பழகிவிட்டால், அதன் பிறகு நேரத்தைப் பெரிய அளவிலேயே கூட்டலாம்.

இதெல்லாம் சரி, வேலைக்குப் போகாமல் யார் வீட்டில் இருப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயிற்சி நடக்கும் காலத்தில் நாயைத் தாங்கமுடியாத நேரத்துக்குத் தனியே விட்டால் கட்டியதெல்லாம் இடிந்துவிடும். லயத்தில் என்றால் யார் வீட்டிலாவது ஒரு பாட்டி இருப்பார். ஓய்வு பெற்ற தாத்தா இருப்பார். கேட்டுப் பாருங்கள், ஒரு கட்டுக் கீரையோ ஒரு வேளைக் குழம்போ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கணவன் மனைவி முறை மாற்றி வேலை செய்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பழைய நாள் போல வேலைக்காட்டுக்குக் கூட்டிப்போகலாமே என்றால், செம்பனைக் காட்டில் எலி மருந்து வைக்கிறார்கள், களைக்கொல்லி அடிக்கிறார்கள். அது வேண்டாம்.

எங்களுக்கு உதவியவர் யார் தெரியுமா? முறையிட்டாரே, அந்தச் சீன அம்மாள்தான். நாய்க்கு வியாதி போல ஒரு பயம், அடித்துத் தீராது, மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு தேடிப்போய்ச் சொன்னோம். மலாய்க்காரர் வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். அவர் நாயைத் தொடுகிறவர் அல்ல. ஆனால் தூங்கும் அறையைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டதாகச் சிரித்தபடி சொன்னார். அதற்குமேல் நாம் என்ன கேட்பது? மணியை வெளியே கொண்டுபோனால் வார் போட்டு, அவர் வாசலைத் தாண்டித்தான் போகவிடுகிறோம். சீன அம்மாள் மட்டும், காலையில் தவுகே வால் கிள்ளிக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், கொண்டுவந்து விடு என்றார். வீட்டுக்குள் விடமாட்டார், முன்வாசலில் மட்டும். மணிக்கு அது போதுமாக இருந்தது. போய்ச் சொல்லியிராவிட்டால் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போயிருக்கும், அதில் சந்தேகமில்லை.

அடுத்து, வாய்க்கு வேலை. 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் தம் நாய் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்தார். பழைய வோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் உறுப்பு ஒன்று கையில் கிடைத்தது, எறிந்தார், நாய் அதை விடவே இல்லை. அதிலிருந்து வந்ததுதான் கோங் என்னும் உள்ளே குடைந்த ரப்பர்ப் பொம்மை. பால் வெட்டிய பரம்பரைக்கு ரப்பரின் இந்தப் பயன் தெரிந்திருக்க நியாயமில்லை. அதன் உள்ளே சோறும் எலும்பெடுத்த கோழித் துண்டும் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தால், நாய் அரைமணி நக்கிக்கொண்டிருக்கும். வெங்காயம் சேர்ந்த குழம்பு வேண்டாம். வெந்த கோழியெலும்பும் வேண்டாம், அது சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆனால் ஒன்று. பதறுகிற நாய் தின்னாது. ஆகவே இந்தப் பொம்மை லேசான பயத்துக்குத்தான் உதவும். தின்னாமல் வைத்திருந்தால், விட்டுப்போன நேரம் அதற்கு அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

வானொலியைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாமா? வானொலியில் பேசிக்கொண்டு வேண்டாம் என்று சொல்வோமா! தெருச் சத்தத்தை அது மறைக்கும். ஆனால் நீங்கள் கிளம்பும்போது மட்டும் திறந்தால் வானொலியும் சாவியைப் போல ஓர் அபாய அறிவிப்பாகிவிடும். வீட்டில் இருக்கும்போதும் பாடட்டும்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் பயம் மனிதரைப் பிரிவதால் வருவது. இரண்டாவது நாய் வந்தும் தீராமல் இரண்டு ஊளை கேட்ட வீடு உண்டு.

கடுமையான பயத்துக்கு மருந்தும் உண்டு. மனிதரின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவோக்ஸெட்டின் என்ற மருந்தை நாயின் பிரிவு அச்சத்துக்கென்றே 2007இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியோடு சேர்த்துத்தான் பயன். மிருக வைத்தியர் பார்த்து அளவு சொல்லவேண்டும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் நாமாகக் கொடுத்துவிடக் கூடாது, நாயைக் கொன்றுவிடும். மணிக்கு மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

இன்னும் நாய் எடுக்காதவர்களுக்கு ஒரு சொல். எங்களைப் போல விடுமுறை முழுதும் மடியில் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் கதவைப் பூட்டாதீர்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது வளர்ந்த குட்டிகளுக்கும் பின்னால் இதே கதி வந்தது, உலகம் முழுக்க. முதல் வாரத்திலிருந்தே நாயை ஓர் அறையில் விட்டு நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிமிடமும் பாடம்தான். இரவில் உங்கள் அறை வாசலில் படுக்கட்டும், முதல் நாளே வெளியே தள்ளவேண்டாம். காலையில் கிளம்புமுன் இருபது நிமிடம் நடத்திக் கூட்டிவாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அங்கே நாய்க்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு பிறகு காப்பகத்துக்குப் போங்கள். பல இடங்களில் இல்லை. நகராண்மைக் கழக உரிமமும் எடுத்துவிடுங்கள்.

மணி வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. இப்போது நாலரை மணி நேரம் தனியே இருக்கிறது. ஏழரை மணி நேரம் இருப்பதில்லை, இனி இருக்குமா என்பதும் தெரியாது. பதினொரு மணிக்குச் சீன அம்மாள் வேலிக்கதவைத் திறந்து, "மணி, வா" என்று தமிழிலேயே கூப்பிடுகிறார். காலை ஆறேகாலுக்கு நாங்கள் சாவியை எடுக்கும்போது மணி ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. இடி இடிக்கும் நாளில் மட்டும் எழுந்து வாசலுக்கு வந்துவிடும். அந்த நாளில் எங்களில் ஒருவர் தாமதமாகக் கிளம்புகிறோம்.